பதிவு வேலை

என் கணவரின் இடுப்பு எலும்பு முறிந்த கதையை அவர் சொல்லும் விதம் வேறு, நான் சொல்லும் விதம் வேறு. அவருடைய கதையில் கிணற்றடி வரும், பாசி வரும், எங்கிருந்தோ ஒரு பூனை வரும், அந்தப் பூனையை மிதிக்காமல் இருப்பதற்காக அவர் செய்த தியாகம் வரும். என்னுடைய கதையில் அவர் வழுக்கி விழுந்தார் என்பது மட்டுமே வரும். எப்படியோ, அறுவைச் சிகிச்சை நடந்தது, மூட்டுப் பொருந்தியது, ஊன்றுகோலோடு நடக்கவும் தொடங்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் ஒரேயொரு விதியைத்தான் சொன்னார்: எங்கே உட்கார்ந்தாலும் இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் பொருத்திய மூட்டு கழன்றுவிடக் கூடும்.

கேட்கும்போது அது எளிய விதியாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் இந்த உலகம் எவ்வளவு தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது. கலியாண மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் தாழ்வு. உறவினர் வீட்டுச் சோபாக்கள் எல்லாம் புதைகுழிகள். எல்லாவற்றிலும் மோசமானது ஓட்டோ. தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் நுழைந்து, ஆழத்தில் போய் அமர வேண்டும். "உதுக்குள்ள போறதெண்டால் முதல்ல அதைக் கும்பிட வேணும். நான் கோயிலிலயே நிண்டபடிதான் கும்பிடுறனான்" என்று சொல்லி அவர் ஓட்டோவைத் தம் வாழ்க்கையிலிருந்து விலக்கிவிட்டார்.

மறு பரிசோதனைக்குப் போன நாளில் ஒரு வேன் பிடித்தோம். வேனின் படி உயரமாக இருந்தது, உள்ளே இருக்கை தாழ்வாக இருந்தது. பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இரண்டு நல்ல மனிதர்கள், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், கமுக்கட்டுக்குள் கைகொடுத்து, அரிசி மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்பிய பிறகு என்னிடம் சொன்னார்: "மனுசனை ஆக்கள் தூக்கிறது கடைசிக்கு ஒருக்காப் போதும். இனி நான் ஏறுறதெண்டால் ஏறுவன். ஒருத்தரும் என்னை ஏத்தக் கூடாது."

நான் தமிழ் படிப்பித்தவள். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு மனிதனின் மானம் இருக்கக்கூடும் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு அவர் வெளியே போகவில்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மாலையானால் உட்துறைமுக வீதிக் கரையில் ஒத்த வயதுக்காரர் சிலரோடு கூடி, உலகத்தின் சிக்கல்களைத் தீர்த்துவைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வருவார். அந்த நண்பர்கள் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். பிறகு பாலையூற்று ஏதோ வேறு மாகாணத்தில் இருப்பதுபோலக் கதைத்தார்கள். பிறகு வரவில்லை. உலகத்தை இழந்த என் கணவர் குசினியை ஆளத் தொடங்கினார். தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே வந்துபோன இடத்தில் கதிரை போட்டு அமர்ந்து, வெங்காயத்தை நான் வெட்டும் திசை பிழை என்று கண்டுபிடித்தார். எங்கள் திருமணம் பல சோதனைகளைத் தாண்டியது. வெங்காயத்தைத் தாண்டுமா என்று எனக்கு ஐயம் வந்தது.

ஆனால் நான் கார் வாங்க முடிவெடுத்தது அதற்காக அல்ல. ஒருநாள் பின்னேரம் அவர் குளித்து, தலைவாரி, மடிப்புக் கலையாத சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் அமர்ந்தார். யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பொழுதுபட்டதும் எழுந்து போய், சேட்டைக் கழற்றி, மடித்து, அலுமாரியில் வைத்தார். மறுநாளும் அப்படியே செய்தார். நான் தையற்பெட்டிக்குள் இருந்த அளவுநாடாவை எடுத்து, அவர் தானாக அமர்ந்து தானாக எழக்கூடிய சாப்பாட்டுக் கதிரையின் உயரத்தை அளந்தேன். அந்த உயரத்தில் இருக்கை உள்ள கார் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் அவர் முதுகைக் காட்டி நின்று, அமர்ந்து, கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் தொட வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் பாவித்த வாகனங்கள் விற்கும் இடத்தைக் கார் சேல் என்பார்கள். நான் போனது சீனன்குடாவுக்குப் போகும் வழியில் இருந்தது. தகரக் கூரையின் கீழ், கழுவித் துடைத்து, இருக்கைகளில் பொலித்தீன் கழற்றாமல், கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இளமையில் சில தடவை பெண்பார்க்க வந்தவர்கள் முன் நிறுத்தப்பட்டவள் என்ற வகையில் அந்தக் கார்களின் மனநிலை எனக்கு நன்றாக விளங்கியது.

அங்கே விற்பனையைக் கவனித்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முப்பத்தைந்து வயதுக்காரர். இரண்டு தொலைபேசிகளும், இரண்டு பேருக்குப் போதுமான அத்தரும் வைத்திருந்தார். என்னை மிக மரியாதையாக வரவேற்று, அமரச் சொல்லி, என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார்.

"சேர் வரல்லையா?"

சேருக்கு வர ஏலாது, அவர் வருவதற்குத்தான் கார் தேடுகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் சேர் வந்து ஒருக்காப் பார்த்துவிட்டால் கதையை முடித்துவிடலாம் என்றார். கார் இல்லாமல் சேர் வர முடியாது. சேர் வராமல் கார் வாங்க முடியாது. அந்த வட்டத்துக்குள் நாங்கள் இருவரும் சில தடவைகள் மரியாதையாகச் சுற்றி வந்தோம்.

வட்டத்தை உடைத்தது ஒரு மெய்யெழுத்து. அவருக்குப் பின்னால் இருந்த பலகையில் 'வாகனங்கள் விற்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. சொல்லாமல் இருக்க உண்மையாகவே முயன்றேன். முடியவில்லை. ஒரு க் கூடிவிட்டது என்றேன். அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நின்றார். "டீச்சரா?" என்றார். அதோடு சேர் வர வேண்டிய அவசியம் போய்விட்டது. கணவன் இல்லாமல் கார் வாங்க வந்த பெண்ணோடு எப்படிக் கதைப்பது என்று அவருக்குத் தெரியாது. டீச்சரோடு எப்படிக் கதைப்பது என்று தெரியும். பயந்து கதைக்க வேண்டும்.

பயம் அவருடைய கற்பனையைப் பாதிக்கவில்லை. முதலில் காட்டிய கார் ஒரு டொக்டர் அம்மா மட்டும் ஓடியது. இரண்டாவதும் ஒரு டொக்டர் அம்மா ஓடியது. மூன்றாவதும். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களையெல்லாம் உண்மையிலேயே பெண் வைத்தியர்கள்தான் ஓட்டியிருந்தார்கள் என்றால், ஆஸ்பத்திரிகளில் வைத்தியர் தட்டுப்பாடு இருந்திருக்க நியாயமில்லை என்று சொன்னேன். "அவங்க எல்லாம் கார்ல திரியிறதாலதான் டீச்சர் தட்டுப்பாடு" என்றார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இது பின்னர் எனக்குப் பெரிய இடைஞ்சலாயிற்று. பிடித்துப்போனவரோடு ஒழுங்காகச் சண்டை பிடிக்க முடிவதில்லை.

அவர் பொனெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டினார். நான் கதவைத் திறந்து அளவுநாடாவை எடுத்தேன். நிலத்திலிருந்து இருக்கைவரை அளந்தேன். தாழ்வு. அடுத்ததும் தாழ்வு. ஒவ்வொரு காரிலும் முதுகைக் காட்டி நின்று, மெதுவாக அமர்ந்து, மெதுவாக எழுந்தேன். அவர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"டீச்சர் இதுக்குச் சட்டை தைக்கப்போறீங்களா?"

விஷயத்தை விளக்கினேன். இடுப்பில் ஒப்பரேசன், அவருக்கு வாகனங்களில் ஏற ஏலாது, ஆனால் தானாகத்தான் ஏற வேணும், யாரும் பிடித்து ஏற்றக் கூடாது என்று விரிவாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். அந்த முகத்தில் வியாபாரம் போய் வேறு ஏதோ வந்தது. "விளங்கிட்டு டீச்சர்" என்றார். வகுப்பறையில் அந்தச் சொல்லைக் கேட்டால் உடனே இரண்டு கேள்வி கேட்டுச் சோதிப்பது என் வழக்கம். அன்றைக்குச் சோதிக்கவில்லை.

கூரையின் கடைசியில், நெடுத்து, நான்கு பக்கமும் சப்பையாக, சக்கரம் பூட்டிய பெட்டியைப் போல ஒரு கார் நின்றது. அதில் அமர்ந்தேன். கதிரையில் அமர்வது போலவே இருந்தது. நாடாவைப் பிடித்தேன், எங்கள் சாப்பாட்டுக் கதிரையின் உயரத்துக்கு மிகச் சரியாக வந்தது. அதை யார் ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முற்பணத்தைக் கொடுத்தேன். ஒரு கிழமையில், ஏழே நாளில், வீட்டு வாசலில் நிற்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவருக்கு அதன் வடிவத்தை விவரித்தேன். ரொட்டிக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் பெட்டியை நினைத்து, "பாண் பெட்டி" என்றார். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கதவு எவ்வளவு அகலத்துக்குத் திறக்கும் என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். அன்றிரவு வெங்காயத்தைப் பற்றி எந்த விமர்சனமும் வரவில்லை.

ஒரு கிழமை போயிற்று. கார் வரவில்லை. நான் போனேன்.

அங்கேதான் என் மொழியின் ஒரு பலவீனத்தை நான் நேருக்கு நேர் சந்தித்தேன். தமிழில் ஒருவருமே எதையும் செய்யாமல் எல்லாம் நடந்துமுடியலாம். கார் கழுவக் கொடுத்த இடத்தில் பிந்திவிட்டது. ஒரு பக்கம் கீறுபட்டுவிட்டது. பூச்சு அடிபட வேண்டியிருக்கிறது. யார் கீறினார்கள் என்று கேட்டேன். "அது பட்டிட்டு டீச்சர்" என்றார். யார் பிந்தினார்கள் என்று கேட்டேன். "பிந்திட்டு." சந்தையில் விலையேறிவிட்டதே, உங்களுக்குச் சொன்ன விலை ஏறவில்லை என்று இடையில் ஒரு பெருமையும் வந்தது. விலை மட்டும் ஏன் தானாக இறங்குவதில்லை என்று கேட்டதற்கு, பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். ஒரு முழு வாணிபமும் எழுவாய் இல்லாத வாக்கியங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரை அவர் எட்டிப் பார்த்து, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமையில வாகனம் எடுக்கிறதா டீச்சர்? இப்ப ராகுகாலமும் வருது."

நான் பிறந்ததிலிருந்து ராகுகாலம் பார்த்ததில்லை. என் கலியாணம்கூட ஏறக்குறைய அதற்குள் நடந்ததுதான். இடுப்பு முறிந்தது தவிர வேறு பெரிய சேதம் இல்லை. இப்போது ஐந்து வேளை தொழுகிற ஒரு முஸ்லிம், சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்குப் பஞ்சாங்கம் சொல்கிறார். எனக்கு ராகுவோடு எந்தத் தகராறும் இல்லை என்றேன்.

"உங்களுக்கு இல்ல, சரி. ராகுவுக்கு இருக்கும்தானே."

வெள்ளிக்கிழமை வாருங்கள், நல்ல நாள் என்றார். வெள்ளிக்கிழமை போனபோது அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். அது அவருடைய நேரம், காத்திருந்தேன். திரும்பி வந்தவர் என்னைக் கண்டு, தொழுகையில் சேர்த்த அமைதி அத்தனையையும் ஒரே நொடியில் இழந்தார்.

கார் எங்கே என்றேன்.

"பதிவு வேலை நடக்குது டீச்சர். அது முடிஞ்சா உடன."

இது எனக்கு விளங்கியது. வாகனம் கைமாறும்போது புதிய உரிமையாளரின் பெயரில் பதிய வேண்டும். அரசாங்க வேலை, மெதுவாகத்தான் நடக்கும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கடிந்தேன். சொன்னால் டீச்சர் வேண்டாம் என்பீர்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை என்றார். பதிவை யாராவது வேண்டாம் என்பார்களா? அதை அவருடைய வழக்கமான வழுக்கல் கதைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. அவர் சேட் போடுவதை நிறுத்தியிருந்தார். வாசல் பக்கம் போவதும் இல்லை. கார் எப்போது வரும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நிம்மதியாக எரிச்சல் பட்டிருப்பேன். ஊன்றுகோலைக் கட்டிலின் கால்மாட்டில் சாத்திவைத்துவிட்டு, நாளின் பெரும்பகுதி படுத்தே இருந்தார். வைத்தியர் நடக்கச் சொன்னதை நினைவூட்டினேன். "எங்க நடக்க? குசினிக்கும் கக்கூசுக்கும் இடையில எத்தினை தரம்தான் ஊர்வலம் போறது?" என்றார். நகைச்சுவை இருந்தது, குரல் இல்லை.

ஆகவே பதிவை விரைவுபடுத்தலாம் என்று நானே வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், யன்னலுக்கு அப்பால் இருந்த பெண்ணிடம், மக்களைக் காக்கவைப்பது பற்றிச் செறிவான ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, கணினியில் தேடி, அன்பாகச் சொன்னார்: "உங்கட பேருக்கு மாத்தச் சொல்லி ஒரு விண்ணப்பமும் வரேல்லையே, அம்மா." வாகன இலக்கத்தைச் சொன்னேன். அதற்கும் எதுவும் வந்திருக்கவில்லை. நடக்காத வேலை மெதுவாக நடப்பதைப் பற்றி நான் இவ்வளவு நேரமும் முறையிட்டிருக்கிறேன்.

பேருந்தில் திரும்பும்போது கொடுத்த காசை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். முற்பணம் போனது ஒருபுறம். வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் என்ன சொல்வது? இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அப்படியே சீனன்குடாப் பக்கம் போய் இறங்கினேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் குரலைத் தாழ்த்தினால்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள். மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன்:

"தம்பி, பதிவு வேலை எந்தளவில இருக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. "இப்பதான் டீச்சர் போன் எடுக்க இருந்த. முடிஞ்சிட்டு, வாங்க" என்று என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே அந்தப் பெட்டிக் கார் நின்றது. கழுவி மினுக்கியிருந்தது. முன்னால் ஒரு மல்லிகைச் சரமும் தொங்கியது. அதில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. பெட்டி சற்று அமுங்கியிருப்பது போல இருந்தது.

"இந்தா, பாருங்க" என்று கூரையில் கைவைத்தார். "எவ்வளவு பதிஞ்சிட்டு எண்டு."

பதிவு. எங்கள் பக்கத்தில் தாழ்ந்த கதிரையைப் பதிவான கதிரை என்போம். தாழ்ந்த கூரை பதிந்த கூரை. வாழ்நாள் முழுவதும் தமிழ் படிப்பித்தவள் ஒரு வாகன விற்பனையாளரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும், தன் ஊர்ப் பேச்சை மறந்து, அரசாங்க அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறேன்.

அவர் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்குச் சேருக்கு ஏற ஏலாது என்று நான் சொன்னதும் அவருக்குத் தம் வாப்பாவின் நினைவு வந்ததாம். வாப்பாவுக்கு முழங்கால் பிழை. ஒரு படி கூடினாலும் ஏற மாட்டார், பிடித்து ஏற்றினால் கோபிப்பார். டீச்சர் தெரிவு செய்த கார் நல்ல கார், ஆனால் உயரம். எப்படிச் சேர் ஏறுவார்? இளந்தாரிகள் அழகுக்காகக் கார்களைத் தாழ்த்திக் கொடுக்கும் கராஜ் ஒன்று கிண்ணியாவில் இருக்கிறது. அங்கே கட்டையான ஸ்பிரிங் வரும்வரை காத்திருந்து, பூட்டி எடுத்திருக்கிறார். கீறலும் பிந்தலும் ராகுவும் எல்லாம் அதற்குள் அடக்கம். பெயர் மாற்றும் கடதாசிகளை, கார் கைக்கு வந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதாக இருந்தாராம்.

"கேட்டா வேணாம் எண்டு சொல்லுவீங்க, காசுக்கு எண்டு நினைப்பீங்க. அதான் சொல்லல்ல. காசு ஒண்டும் வேணாம் டீச்சர். நான்தான் பதிச்சனான்."

இத்தனை கிழமைகளில் அவர் வாயிலிருந்து எழுவாயோடு வந்த முதல் வாக்கியம் அது. ஒரேயொரு வேலையைத்தான் அவர் தாமாகச் செய்திருந்தார். அதுவும் எனக்கு அந்தக் காரை வாங்க இருந்த ஒரே காரணத்தை இல்லாமல் செய்த வேலை.

நான் கதவைத் திறந்து, கால்களை வெளியே நிலத்தில் ஊன்றி அமர்ந்தேன். முழங்கால்கள் இடுப்புக்கு மேலே எழுந்து நின்றன.

"தம்பி, அவருக்கு ஏறுறது பிரச்சினை இல்லை. பதிஞ்சு இருக்கிறதுதான் பிரச்சினை. உயரம்தான் வேணும்."

"ஏற ஏலாதெண்டுதானே சொன்னீங்க?"

"ஓம். பதிவெண்டால் ஏற ஏலாது."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். டீச்சருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். தவறு அவருடையதல்ல. கதிரையில் அமர்கிற நாங்கள், பாயில் அமர்கிற நாங்கள், வாகனத்தில் மட்டும் ஏறுகிறோம். பாதாளத்துக்குள் இறங்குவது போன்ற ஓட்டோவிலும் ஏறத்தான் செய்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்ட எந்த நல்ல மனிதனும் உயரத்தைக் குறைக்கத்தான் பார்ப்பான்.

சொற்கள் உதவாது என்று தெரிந்ததும் செய்துகாட்டினேன். அவருடைய அலுவலகக் கதிரையில் ஊன்றுகோல் பிடித்தவளாக அமர்ந்து எழுந்தேன். பிறகு வாளியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் அமரப் போய், இடுப்பு தாழும் இடத்தில் நின்று, "இதில கழரும்" என்றேன். கார் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் நான் செய்ததைத் தாமும் ஒருக்காச் செய்து பார்த்தார். வாளியில் அமர்ந்தார். தம் முழங்காலைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு அந்த வாளியிலேயே இருந்துவிட்டார்.

"யா அல்லாஹ், அந்தக் கராஜ்காரனுக்கு நான் எவ்வளவு ஏசின, இன்னும் பதி, இன்னும் பதி எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தேடியும் கிடைக்கவில்லை. பழைய ஸ்பிரிங் கராஜில் பத்திரமாக இருக்கிறதாம். "நாளைக்குச் சரிவரும்" என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு, "நான் சரிப்பண்ணித் தாறன்" என்று முடித்தார். வினை திருந்திவிட்டது. நாள் திருந்தவில்லை, நாளைக்கு என்பது அடுத்த வாரமாயிற்று.

அன்று வீட்டில் கட்டிலருகே அமர்ந்து, வரிசை தவறாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ராகு வந்த இடத்தில் என் கணவர் தலையணையில் நிமிர்ந்தார். பதிவு அலுவலகத்தில் நான் ஆற்றிய உரையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வாளி வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டும், நிப்பாட்டும், கழரப்போகுது" என்றார். சிரித்து முடித்த பின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அந்தாளை எனக்குப் பாக்க வேணும். ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு காரையே பதிச்சிருக்கிறான். நான் இத்தினை வருசம் உமக்கு ஒரு யன்னல் கொளுக்கி பூட்டித் தரேல்லை."

அது உண்மைதான். மறுக்கவில்லை.

கார் வந்த பின்னேரம் அவர் முற்றத்தில் காத்திருந்தார். விற்பனையாளர் காரை ஒழுங்கையில் நிறுத்தி, இறங்கி, சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று தடுமாறி, இரண்டையும் சொன்னார். நான் நாடாவை எடுத்து அளந்தேன். சரியாக இருந்தது. முன்பக்கக் கதவை முழுதாகத் திறந்துவிட்டு விலகினேன்.

என் கணவர் வந்தார். காருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இருக்கையின் விளிம்பை முழங்காலின் பின்பக்கத்தால் தேடினார். அந்த இளைஞரின் கைகள் தாமாக முன்னே நீண்டன, நான் பார்த்தேன், அவர் அவற்றை இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் கணவர் அமர்ந்தார். காற்சட்டைத் துணியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். சற்று மூச்சு வாங்கினார். மற்றக் காலையும் வைத்தார். ஊன்றுகோலை மடியில் எடுத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"ம். பாண் பெட்டி நல்லம்."

நான் வாகனம் ஓட்டிப் பல காலம் ஆகியிருந்ததால் முதல் ஓட்டத்துக்கு விற்பனையாளரே சாரதியானார். எங்கே போவது என்று அவர் கேட்க, என் கணவர் உட்துறைமுகம் என்றார். அந்த நேரத்தில் நண்பர்கள் அங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கரையில் கார் நின்றபோது, சற்றுத் தள்ளிச் சுவரோரமாக நான்கைந்து நரைத்த தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. காருக்குள் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் கதவைத் திறந்தார். ஆனால் இறங்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

ஏறிப் பார்த்தாயிற்று. இறங்குவதை இன்னும் பார்க்கவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும்," என்றார், "கொஞ்சம் அங்கால போய் நில்லுங்கோ."

நாங்கள் போனோம். தண்ணீர் விளிம்பில் நின்று துறைமுகத்தைப் பார்த்தோம். எதிர்க்கரையை ஒட்டி ஒரு சரக்குக் கப்பல் நின்றது. அது எந்த நாட்டுக் கப்பல் என்று விற்பனையாளர் கேட்டார். தெரியாது என்றேன். என்ன ஏற்றுகிறார்கள் என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன். பின்னால் செருப்பு நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. சுவரோரக் குரல்களும் ஓய்ந்திருந்தன.

"டீச்சர், ஒருக்காத் திரும்பிப் பார்க்கவா?" என்று அவர் மிக மெல்லக் கேட்டார்.

"வேண்டாம். கப்பலைப் பாருங்கோ."

பார்த்தோம். அவ்வளவு கவனமாக ஒரு கப்பலை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இருக்கை மெதுவாகக் கிறீச்சிட்டது. ஊன்றுகோல் சரளைக் கல்லில் அழுந்தியது. பிறகு இன்னொரு முறை, சற்று அருகில். பிறகு முதுகுக்குப் பின்னால், நண்பர்களுக்கும் கேட்க வேண்டிய அளவுக்கு உரத்து, அவருடைய குரல் வந்தது:

"என்ன, ரெண்டு பேரும் அடுத்ததாக் கப்பல் வாங்கப்போறியளோ?"